ஐஸ் குச்சியும் தாளும் போதும்: வீட்டிலேயே கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் குடிலும்

டிசம்பர் பிறந்தால் நாகர்கோவில், தூத்துக்குடி, பாளையங்கோட்டைப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு வாசலில் நட்சத்திரம் தொங்கும். பெரும்பாலும் கடையில் மடித்து விற்கிற அட்டை நட்சத்திரம்தான், வாங்கிவந்து விரித்து பல்பை உள்ளே விட்டால் வேலை முடிந்தது. அது தப்பில்லை. ஆனால் ஐஸ் குச்சி 2 கட்டும் நாலைந்து வண்ணத்தாளும் இருந்தால் அதைவிட உறுதியான ஒன்றை நீங்களே செய்துவிடலாம், பல வருடம் வைத்தும் கொள்ளலாம். முதல்முறை செய்ய உட்காருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், அதனால் அளவுகளை எல்லாம் சென்டிமீட்டர் வரை சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் சட்டம் வேறு, தாள் வேறு. குச்சியால் கட்டுகிற சட்டத்தை ஒருமுறை நிதானமாக, அளவு பிசகாமல் செய்து வைத்தால் அது வருடக்கணக்கில் நிற்கும். தாள் அப்படி இல்லை, வெயிலில் வெளுக்கும், ஈரத்தில் தொய்யும், ஒரு சீசனுக்கு மேல் அழகாக இருக்காது. ஆகவே உழைப்பைச் சட்டத்தில் போடுங்கள், தாளை ஆண்டுக்கொருமுறை மாற்றும் சட்டை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குச்சியை அவசரமாக ஒட்டிவிட்டு, ஜிகினாத் தாளும் மினுமினுப்பும் ஒட்டுவதில் அரைநாள் செலவழிக்கிறார்கள், இரண்டாம் நாள் மூலை விட்டுப்போகிறது.

என்னென்ன வாங்க வேண்டும்

ஐஸ் குச்சி ஸ்டேஷனரி கடைகளில் 50, 100 என்று கட்டாகக் கிடைக்கும். சாதாரணக் குச்சி சுமார் 11.4 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஜம்போ என்று 15 சென்டிமீட்டரில் அகலமான குச்சியும் வரும், அது குடிலுக்கு நல்லது, நட்சத்திரத்துக்கு வேண்டாம், வளையாது. வண்ணம் பூசிய குச்சியையும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். சில கட்டுகளில் ஈரப் பசை பட்டதும் சாயம் கையோடு வந்துவிடும்.

கட்டைப் பிரித்ததும் குச்சிகளைத் தரம் பிரியுங்கள். மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்து விரலால் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை தூக்குகிறதா என்று தெரிந்துவிடும். தூக்கினால் அது முறுக்கிய குச்சி, தனியே வையுங்கள், பின்னால் வெட்டிப் பயன்படுத்தலாம். நூறு குச்சி வேண்டுமென்றால் நூற்றிருபது, நூற்றைம்பது கையில் இருப்பது நல்லது.

பசைக்கு வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் வகை. சாதாரண வெள்ளைப் பசை மரத்தைப் பிரமாதமாகப் பிடிக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் இளகிவிடும். டிசம்பரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது, அது ஓய்ந்தாலும் மார்கழிப் பனி இருக்கிறது. வெளியே தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் ஃபெவிகால் மரீன் போன்ற, தண்ணீரைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சூடான பசைத் துப்பாக்கி வேகமாக ஒட்டும் என்று பலர் அதை எடுக்கிறார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. பசை கட்டியாக நின்று மூட்டு தடித்துப்போகும், கொஞ்சம் வளைத்தால் பட்டென்று பிரிந்துவிடும், சின்னப் பிள்ளைகள் கைவைத்தால் சுட்டும் விடும்.

தாளில்தான் பலர் ஏமாறுவது. சார்ட் பேப்பர் கனமானது, வெளிச்சத்தை விடாது, அதை ஒட்டி உள்ளே பல்பு போட்டால் இருட்டுப் பெட்டி மாதிரி இருக்கும். விளக்கு வைக்கிற நட்சத்திரத்துக்கு டிஷ்யூ தாள், பட்டம் செய்கிற மெல்லிய தாள், பட்டர் பேப்பர் இவற்றில் ஒன்று வேண்டும். சார்ட் பேப்பரை அச்சு வெட்டவும் ஓர அலங்காரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இவைதவிர துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன், கெட்டியான நூல் அல்லது மெல்லிய சணல், அளவுகோல், பென்சில், பேப்பர் கட்டர், உப்புத்தாள் ஒரு துண்டு. அவ்வளவுதான்.

முதலில் ஒரு சின்ன நட்சத்திரம்

கை பழகுவதற்கு ஐந்தே குச்சியில் ஒன்று செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் கவராயத்தால் 5.5 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். இப்போது கவராயத்தை 6.5 சென்டிமீட்டருக்கு மாற்றி, வட்டத்தின்மேல் ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி வரிசையாக வெட்டிக்கொண்டே போனால் ஐந்தாவது வெட்டு ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே வந்து விழும். பாகைமானி தேவையே இல்லை. இந்த ஐந்து புள்ளிகள்தான் நட்சத்திரத்தின் முனைகள். 1 முதல் 5 வரை எண் போடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கையெடுக்காமல் நட்சத்திரம் போடுவோமே, அதே வரிசைதான் குச்சிக்கும்: 1லிருந்து 3, 3லிருந்து 5, 5லிருந்து 2, 2லிருந்து 4, 4லிருந்து 1. முதல் குச்சியை 1க்கும் 3க்கும் இடையில் வையுங்கள், இரண்டாவதன் தொடக்கத்தை முதல் குச்சியின் முடிவின்மேல் ஒட்டுங்கள், இப்படியே போய் ஐந்தாவது குச்சியின் கடைசி முனையை முதல் குச்சிக்கு அடியில் செருகுங்கள். மேலேயே ஒட்டிவிட்டால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், அடியில் போனால்தான் நட்சத்திரம் ஓரளவு தட்டையாக உட்காரும். ஒவ்வொரு முனையிலும் குச்சி புள்ளியைத் தாண்டி அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீண்டிருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

பசை ஒரு பொட்டு போதும், பட்டாணி அளவு கூட வேண்டாம். அதிகம் வைத்தால் வழுக்கும், காயவும் நேரமாகும். ஐந்து முனையிலும் கிளிப் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். அரைமணி நேரத்தில் பிடித்தது போலத் தெரியும், ஆனால் முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். மழை நாளில் இன்னும் தாமதமாகும். இந்தக் காத்திருப்பை யாரும் குறுக்காதீர்கள்.

காய்ந்ததும் தாள். நட்சத்திரத்தைத் தாளின்மேல் கவிழ்த்து வைத்து, வெளியோரத்தில் பென்சிலால் கோடிட்டு, கோட்டுக்கு உள்ளே 2 மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, பின்பக்கம் ஒட்டுங்கள். நடு ஐங்கோணத்துக்கு மட்டும் வேறு நிறம் ஒட்டினால் நன்றாக இருக்கும். இதைச் சன்னல் கம்பியில் வெளிச்சம் வரும் பக்கமாகத் தொங்கவிட்டால் பகலிலேயே நிறம் எடுத்துக் காட்டும். ஏழெட்டுச் செய்து ஒரே நூலில் கோத்தால் தோரணம். பிள்ளைகள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் சரி, பெரியவர்கள் அடுத்ததற்கு வாருங்கள்.

வாசலில் தொங்குகிற பெரிய நட்சத்திரம்

இது இரண்டு சட்டங்களைச் சேர்த்துக் கட்டுவது. ஒரே அளவில் இரண்டு ஐம்முனைச் சட்டம் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் கட்டிவிட்டு, நடுவில் முட்டுக் கொடுத்துப் பிரித்தால் வயிறு உப்பிய நட்சத்திரம் கிடைக்கும். மூங்கில் சிம்பில் நட்சத்திரம் கட்டுகிறவர்கள் செய்வதும் இதுதான். பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸுக்கு வாசல்தோறும் தொங்குகிற பரோல் என்ற நட்சத்திர விளக்கையும் காலங்காலமாக மூங்கிலும் தாளும் கொண்டு இப்படித்தான் கட்டிவருகிறார்கள். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் வேறு மாதிரி, அதில் சட்டமே கிடையாது, தாள் கூம்புகளைச் சுற்றிலும் சேர்த்துச் செய்வது. 1830களில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியன் சபை என்கிற புராட்டஸ்டன்ட் திருச்சபையின் பள்ளியில் பிள்ளைகளுக்கு வடிவியல் கற்பிக்கச் செய்த ஒன்றிலிருந்து வந்தது அது. அழகான பொருள், ஆனால் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றதல்ல. நம் கதைக்கு வருவோம்.

ஐஸ் குச்சி குட்டை. அதனால் முதலில் நீளமான பட்டை செய்ய வேண்டும். ஐந்து குச்சிகளை முனையோடு முனை முட்ட நேர்கோட்டில் அடுக்குங்கள், 57 சென்டிமீட்டர் வரும். இதுதான் கீழ் அடுக்கு. மேல் அடுக்கை அரைக்குச்சியில் தொடங்குங்கள், பிறகு நான்கு முழுக்குச்சி, கடைசியில் மீண்டும் அரைக்குச்சி. கொத்தனார் செங்கல் அடுக்கும்போது மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் பார்ப்பாரே, அதே விதிதான், கீழே இருக்கிற ஒவ்வொரு மூட்டுக்கும் மேல் ஒரு முழுக்குச்சியின் நடுப்பகுதி வர வேண்டும். ஆக ஒரு பட்டைக்கு 10 குச்சி. ஒரு சட்டத்துக்கு 5 பட்டை, இரண்டு சட்டத்துக்கு 10 பட்டை, மொத்தம் 100 குச்சி.

அரைக்குச்சி வெட்டும்போது கத்தரிக்கோலால் ஒரேயடியாக வெட்டினால் குச்சி நீளவாக்கில் பிளந்துவிடும். கட்டரால் இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறிவிட்டு, மேசை விளிம்பில் வைத்து ஒடியுங்கள், சுத்தமாக ஒடியும், பிசிறை உப்புத்தாளில் தேய்த்துவிடலாம். கட்டரைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், இந்த ஒரு வேலையைப் பெரியவர்கள் முன்னமே முடித்து வைத்துவிட்டால் மீதியை அவர்களும் சேர்ந்து செய்யலாம்.

பட்டைகளை ஒட்டும்போது பசையை முழு நீளத்துக்கும் மெல்லிசாகத் தடவுங்கள், பொட்டுப் பொட்டாக வைக்க வேண்டாம். அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அளவுகோலையோ கதவோரத்தையோ ஒட்டினாற்போல் அடுக்கினால் கோடு நேராக வரும். ஒட்டியதும் மேலே இன்னொரு பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கனமான புத்தகங்கள். ஒரு ராத்திரி இருக்கட்டும். காலையில் எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து நீளவாக்கில் பாருங்கள், வில் மாதிரி பக்கவாட்டில் வளைந்திருந்தால் அந்தப் பட்டையைச் சேர்க்காதீர்கள், வேறு செய்யுங்கள். ஒரு பட்டை கோணினால் முழு நட்சத்திரமும் கோணலாகத்தான் தொங்கும், பிறகு எந்தத் தாளாலும் அதை மறைக்க முடியாது.

இப்போது ஒரு சின்ன வேலை, இதைச் செய்தால் பாதி சிரமம் குறையும். ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு நுனியிலிருந்தும் 22 சென்டிமீட்டர் அளந்து பென்சிலால் குறியிடுங்கள். நடுவில் 13 சென்டிமீட்டர் மிஞ்சும். பட்டைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற இடம் இந்தக் குறிகள்தான். குறியும் குறியும் சந்தித்தால் நட்சத்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

தரையில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். நூலில் கட்டிய சாக்பீஸ் போதும், ஆரம் 29.5 சென்டிமீட்டர். வட்டத்தின்மேல் 34.7 சென்டிமீட்டர் இடைவெளியில் ஐந்து புள்ளிகள். சின்ன நட்சத்திரத்துக்குச் செய்த அதே வரிசையில் பட்டைகளை வையுங்கள், ஆனால் இந்த முறை வெறுமனே அடுக்காமல் பின்னுங்கள். விதி இதுதான்: வரிசைப்படி போகும்போது ஒவ்வொரு பட்டையும் தொடங்குகிற முனையில் அடியில், முதல் குறுக்குச் சந்திப்பில் மேலே, அடுத்த சந்திப்பில் அடியில், முடிகிற முனையில் மேலே. ஐந்து பட்டைக்கும் இதே விதி. கேட்கக் குழப்பமாக இருந்தாலும் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு செய்தால் இரண்டாவது பட்டையிலேயே பிடிபட்டுவிடும். இப்படிப் பின்னினால் பட்டைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பசைக்கு வேலை குறையும். முதலில் பசையில்லாமல் கிளிப் மட்டும் போட்டுச் சரிபாருங்கள். குறிகள் பொருந்துகின்றனவா, முனையிலிருந்து முனைக்குள்ள தூரம் ஐந்து பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு மூட்டாகக் கிளிப்பைத் தளர்த்திப் பசை வைத்து மறுபடி கிளிப் போடுங்கள். ஐந்து முனை, ஐந்து சந்திப்பு, பத்து மூட்டு. காய்ந்தபின் முனைகளை மட்டும் நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள். எல்லா இழுவையும் முனையில்தான் வரும் என்பதால் பசையை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டு சட்டமும் தயாரா? இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சணலால் இறுக்கிக் கட்டுங்கள். இங்கே பசை வேண்டாம், பின்னால் பிரிக்க வசதியாக இருக்கும். மேலே வரப்போகிற முனையில் தொங்கவிடும் கயிற்றையும் இப்போதே சேர்த்துக் கட்டிவிடுங்கள். முட்டுக்கு, முன்னமே தனியே வைத்தோமே முறுக்கிய குச்சிகள், அவற்றை 6 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து ஒட்டி ஐந்து முட்டு செய்துகொள்ளுங்கள். சட்டங்களின் ஐந்து குறுக்குச் சந்திப்புகளிலும் முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். ஒரேயடியாக ஒரு பக்கம் முழுதும் தள்ளாதீர்கள். ஒன்றை நிறுத்தியபின் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அடுத்தது என்று மாறி மாறிப் போனால் பட்டைகள் மெதுவாக, சமமாக வளையும். முழுக்குச்சி நீளத்துக்கு முட்டுக் கொடுத்தால் இன்னும் உப்பலாக வருமே என்று தோன்றும். வேண்டாம், பட்டையின் மூட்டுகள் அந்த வளைவைத் தாங்காது. நின்ற முட்டுகளை நூலால் எட்டு வடிவில் சுற்றிக் கட்டி, ஒரு சொட்டுப் பசை வையுங்கள்.

சட்டம் முடிந்தது. இப்போதே ஒருமுறை தொங்கவிட்டுப் பார்த்துவிடுங்கள். நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று தாள் ஒட்டுவதற்கு முன் தெரிந்துகொள்வது மேல்.

தாள் ஒட்டுவது

தாள் அச்சுகளைச் சட்டம் உப்பியபிறகு எடுங்கள், தட்டையாக இருந்தபோது எடுத்த அளவு பொருந்தாது. ஒரு முனைக்குரிய முக்கோணம் தோராயமாக அடி 13, பக்கங்கள் 21 சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும். சார்ட் பேப்பரை அதன்மேல் வைத்து ஓரத்தைத் தடவி அச்சு எடுத்து, சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் மடிப்புக்கு விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் சேர்த்துப் பத்து முக்கோணம், இரண்டு ஐங்கோணம். பிறகு முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே பக்கவாட்டில் ஒல்லியான இடைவெளி இருக்கிறதல்லவா, முனையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி முட்டுப் பக்கம் 6 சென்டிமீட்டர் வரை விரிகிற இடம், அதற்குப் பத்து நீளத் துண்டுகள். பலர் இந்தப் பக்கவாட்டை மறந்துவிட்டு அப்புறம் வெளிச்சம் ஒழுகுகிறதே என்று பார்ப்பார்கள்.

தாளுக்கு வெள்ளைப் பசையைவிட மைதாப் பசை எனக்குப் பிடித்தது. இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் கூழ் மாதிரி கெட்டியாகிப் பளபளப்பு வரும், இறக்கி ஆறவிடுங்கள். இதன் பெரிய வசதி, அடுத்த வருடம் தாளை மாற்றும்போது ஈரத்துணியால் துடைத்தாலே பசை கழன்று வந்துவிடும், குச்சிக்குச் சேதமில்லை. கெடாமல் இருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைவைக்கிற வீட்டில் வேண்டாம், தேவைக்கு மட்டும் அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

பசையைத் தாளில் தடவாதீர்கள், குச்சியில் தடவுங்கள். மெல்லிய தாளில் பசை பட்டால் ஊறிக் கிழியும். தாளை முனைப்பக்கம் முதலில் பொருத்தி, அடிப்பக்கம் லேசாக இழுத்து வைத்து, மடிப்பைப் பட்டையின் உள்பக்கம் திருப்பி ஒட்டுங்கள். ரொம்ப இழுக்கவும் வேண்டாம், தொய்யவும் விட வேண்டாம். வெள்ளைப் பட்டர் பேப்பர் என்றால் பரவாயில்லை, சாய டிஷ்யூ தாளில் மட்டும் ஈரக்கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட இடம் வட்டமாக வெளுத்துவிடும்.

நிறத்தைப் பற்றி என் எண்ணத்தைச் சொல்கிறேன். எல்லா நிறத்தையும் ஒரே நட்சத்திரத்தில் போடாதீர்கள். இரவில் உள்ளே விளக்கெரியும்போது மஞ்சளும் வெள்ளையும் தூரத்துக்குத் தெரியும், சிவப்பு நடுத்தரம், நீலமும் பச்சையும் அடர்ந்து இருண்டுவிடும். முனைகள் மஞ்சள், நடு ஐங்கோணம் சிவப்பு என்று இரண்டே நிறத்தில் செய்தது தெருமுனையிலிருந்து பார்த்தாலும் நட்சத்திரமாகத் தெரியும். பூவேலை வேண்டுமென்றால் சார்ட் பேப்பரில் சின்னச் சின்ன வடிவங்கள் வெட்டித் தாளின் உள்பக்கம் ஒட்டுங்கள். பகலில் ஒன்றும் தெரியாது, விளக்குப் போட்டதும் நிழலாக எழும்பும். வால் வைக்க ஆசைப்பட்டால் டிஷ்யூ தாளை 40 சென்டிமீட்டர் நீளத்தில் மடித்து, மேலே ஐந்து விரற்கடை விட்டு மீதியை மெல்லிய நாடாக்களாக நறுக்கி, சுருட்டிக் கட்டினால் குஞ்சம் தயார். கீழ்நோக்கிய இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று கட்டுங்கள்.

பின்பக்க ஐங்கோணத்தை மட்டும் முழுதாக ஒட்டாதீர்கள். மேல் ஓரத்தை மட்டும் ஒட்டிக் கதவு மாதிரி விடுங்கள், பல்பு வைக்கவும் எடுக்கவும் அதுதான் வழி, சூடு வெளியேறவும் அதுதான் வழி.

விளக்கில் ஒரு சமாதானமும் கிடையாது, எல்இடி மட்டும்தான். பழைய குண்டு பல்பு தாளுக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கவே கூடாது, அதன் கண்ணாடி தாளைக் கருக்குகிற அளவுக்குச் சூடாகும். அரை வாட்ஸிலிருந்து 3 வாட்ஸ் வரை உள்ள எல்இடி போதும், அல்லது பேட்டரியில் எரிகிற சின்ன சரவிளக்கை உள்ளே முட்டுகளைச் சுற்றி விடலாம், வெளிச்சம் எல்லா முனைக்கும் பரவும். பல்பு தாளைத் தொடாதபடி நடுவில் ஒரு குச்சியைக் குறுக்கே கட்டி அதில் ஹோல்டரை நிறுத்துங்கள். நட்சத்திரத்தின் எடை கயிற்றில் நிற்க வேண்டும், ஒயரில் நிற்கக் கூடாது. ஒயரில் ஒட்டுப்போட்ட இடம் இருந்தால் அது வெளியே மழை படுகிற இடத்தில் வேண்டாம். தூங்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள். தொங்கவிடும் இடமும் சாரல் அடிக்காத தாழ்வாரமாகவோ போர்டிகோவாகவோ இருக்கட்டும். மொட்டைமாடிக் கொடியில் உயரமாகக் கட்டினால் அழகுதான், ஆனால் தாள் நட்சத்திரம் அங்கே ஒரு மழைக்குத் தாங்காது.

குடில்

இயேசு பிறப்புக் காட்சியைக் குடிலாக வைக்கும் வழக்கத்தை அசிசியின் பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் தொடங்கிவைத்தார் என்பார்கள். அவர் வைத்தது உயிருள்ள மாடும் கழுதையும் வைக்கோலும். நம் வீடுகளில் சுரூபங்கள், அதாவது சின்னச் சிலைகள். குடிலின் அளவைச் சுரூபங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், முதலில் மாதா, சூசையப்பர் சுரூபங்களின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அவை 8 சென்டிமீட்டருக்குள் என்றால் சாதாரணக் குச்சி போதும், அதற்கு மேல் என்றால் ஜம்போ.

சுவர் செய்வது எளிது. பதினோரு குச்சிகளைப் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்து, மேலே குறுக்காக இரண்டு குச்சி ஒட்டினால் சதுரமான ஒரு தட்டி. இப்படி மூன்று தட்டி, பின்சுவர் ஒன்று, பக்கச்சுவர் இரண்டு. முன்பக்கம் திறந்திருக்கட்டும். கூரைக்கு இன்னும் இரண்டு தட்டி, சுவரைவிட இரண்டு குச்சி அகலமாக, இறவாணம் வெளியே நீளும்படி. மூலைகளில் உள்பக்கம் வெட்டிய குச்சித் துண்டுகளை நிறுத்தி ஒட்டினால் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். கூரையைச் சுவரோடு ஒட்ட வேண்டாம், தூக்கி எடுக்கும்படி வைத்தால் உள்ளே சுரூபம் அடுக்கவும் விளக்கு வைக்கவும் வசதி.

கூரை மேய்வதில்தான் குடிலின் அழகே இருக்கிறது. பழுப்புத் தாளை 4 சென்டிமீட்டர் அகல நாடாக்களாக வெட்டி, ஒரு ஓரத்தை நெருக்கமாக நறுக்கிவிடுங்கள். கீற்றுக் கொட்டகை மேய்கிறவர்கள் எப்போதும் இறவாணத்திலிருந்து மேல்நோக்கித்தான் மேய்வார்கள், நீங்களும் அப்படியே கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் பாதியை மூடும்படி மேலேறிக்கொண்டே போங்கள். உச்சியில் ஒரு முழு நாடாவை மடித்துக் கவிழ்த்தால் முகடு. மேலிருந்து தொடங்கினால் ஒட்டிய ஓரங்கள் எல்லாம் வெளியே தெரியும்.

பஞ்சை விரித்துப் பனி மாதிரி வைப்பதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன், எனக்கு அது ஒட்டவில்லை, மணலும் வைக்கோலும் பசும்புல்லும்தான் நம் குடிலுக்கு அழகு. புல்லுக்கு ஒரு தட்டில் மண் பரப்பி ஊறவைத்த கேழ்வரகையோ கம்பையோ நெருக்கமாகத் தூவி, தினம் தண்ணீர் தெளியுங்கள். டிசம்பர் 14, 15 வாக்கில் விதைத்தால் 24ஆம் தேதிக்குப் பசேலென்று நிற்கும். தட்டாகவே குடிலுக்கு முன்னால் வைத்துவிடலாம். ஈரத்தட்டு குச்சிச் சுவரைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். குழந்தை இயேசு சுரூபத்தை 24ஆம் தேதி இரவுதான் வைப்போம் என்பதால் அதுவரை நடுவில் தீவனத்தொட்டி மட்டும் இருக்கட்டும். அதற்கு நாலு குச்சித்துண்டைப் பெருக்கல் குறி மாதிரி இரண்டிரண்டாக ஒட்டி நடுவில் வைக்கோல் போட்டால் போதும்.

எப்போது தொடங்குவது

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளை உள்ளடக்கிய ஆயத்தக் காலம்தான் திருவருகைக்காலம், அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் ஏதோ ஒரு நாளில் வரும். அன்றைக்கு நட்சத்திரம் தொங்க வேண்டும் என்றால் அதற்குப் பத்து நாள் முன்னால் குச்சி வாங்கிவிடுங்கள். செய்கிற நேரம் தினம் ஒரு மணிதான் ஆகும், மீதி எல்லாம் காய்கிற நேரம். பட்டைகளுக்கு இரண்டு மூன்று ராத்திரி, ஏனென்றால் பத்துப் பட்டையையும் ஒரே நாளில் புத்தகத்துக்கு அடியில் வைக்க எல்லார் வீட்டிலும் இடம் இருக்காது. சட்டங்களுக்கு இரண்டு நாள், முட்டுக்கு ஒரு நாள், தாளுக்கு இரண்டு நாள். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் பசை காய்வது தாமதமாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருவிழா முடிந்ததும் இறக்கிவிடலாம். அப்படியே பரணில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மைதாப் பசை வாசனைக்குப் பூச்சி வரும், தாளோடு வைத்தால் அடுத்த வருடம் பொத்தல் பொத்தலாகத்தான் கிடைக்கும். தாளை அன்றைக்கே உரித்து, பசை இருக்கும் இடங்களை ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் அரைநாள் காயவையுங்கள். முனைக் கட்டுகளை அவிழ்த்து முட்டுகளை எடுத்துவிட்டால் இரண்டு சட்டமும் தட்டையாகிவிடும், பீரோவுக்குப் பின்னால் சுவரோரம் நிறுத்தி வைக்கலாம். வளைந்தே மாதக்கணக்கில் இருப்பதைவிட இது பட்டைகளுக்கும் நல்லது. முட்டுகள், சணல், சார்ட் பேப்பர் அச்சுகள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு, உறைமேல் அளவுகளை எழுதி, சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அச்சு பத்திரமாக இருந்தால் அடுத்த நவம்பரில் புதுத்தாள் ஒட்ட ஒரு சாயங்காலம் போதும்.